ஆயுத பூசையும் ஊர்தித் தூய்மையும்

நவராத்திரி விழாவின் ஒன்பதாம் நாளில் கலைமகளை வழிபடுதலும், அவரவர் தொழிற்கருவிகளைத் தூய்மை செய்து வைத்து வணங்குதலும் தமிழகத்தில் வழிவழியாக வரும் மரபாகும். உழவர்க்குக் கலப்பையும் தச்சர்க்கு உளியும் கணக்கர்க்கு எழுதுகோலும் அன்று வழிபாட்டிற்கு உரியனவாகின்றன. இக்காலத்தில் பல இல்லங்களின் வாயிலில் அவ்வழிபாட்டினைப் பெறுவது மோட்டார் சைக்கிள் ஆகும். பணியிடத்திற்கும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் திருக்கோயிலுக்கும் குடும்பத்தைச் சுமந்து செல்லும் அவ்வூர்தியை நன்றியுடன் வணங்குதல் பொருத்தமே.

கருவியை நீராட்டிச் சிறப்புச் செய்யும் வழக்கம் மிகவும் தொன்மையானது. தொல்காப்பியப் புறத்திணையியலில், வென்ற வாளினை நீராட்டுதல் உழிஞைத்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. பாடாண்திணையில் வாள்மங்கலம் என்னும் துறையும் உண்டு. மண்ணுதல் என்னும் பழஞ்சொல்லுக்குக் கழுவுதல், நீராட்டுதல் என்பன பொருளாம். வாளைக் கழுவுகின்றவன் அதன் கூர் மழுங்கியுள்ளதா, பிடி தளர்ந்துள்ளதா என்பனவற்றையும் உடன் கண்டுகொள்வான். ஊர்தியைக் கழுவுதலும் அத்தகையதே. சந்தனமும் மாலையும் காண்பார் கண்ணுக்கு அழகு தருவன. கழுவும்போது கை கண்டறியும் குறையோ, உரிய காலத்தில் நீக்கப்பெற்றால் ஓர் உயிரைக் காக்க வல்லது. ஆதலின் பூசைக்கு முன் செய்யும் தூய்மைப் பணியைப் பூசையின் முதற்பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.

கழுவும் முறை

ஓட்டி வந்த உடனே வண்டியைக் கழுவுதல் கூடாது. எஞ்சினும் சைலன்சரும் நன்கு ஆறும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். சூடான உலோகத்தின்மேல் தண்ணீர் பட்டால் நீராவி எழுந்து கை வெந்துபோதலும் உண்டு. சோப்பு நீரும் விரைவில் உலர்ந்து கறையாகப் படியும். வண்டியை நிழலான இடத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். சைலன்சரின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, பணி முடிந்தபின் மறவாமல் அவிழ்த்தல் வேண்டும்.

தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது பலரிடம் காணப்படும் பழக்கம். தூசியில் உள்ள நுண்மணல் பெட்ரோல் டாங்கின் வண்ணப்பூச்சைக் கீறிவிடும். ஆதலின் முதலில் தண்ணீரை மெல்ல ஊற்றிச் சேற்றையும் மணலையும் ஊறவைத்து இறங்கச் செய்தல் வேண்டும். பின்னர் வண்டிகளுக்கென விற்கும் ஷாம்பூவையோ மென்மையான சோப்பையோ கரைத்த நீரில் துணியை நனைத்து, மேலிருந்து கீழாகக் கழுவுதல் முறையாகும். சக்கரத்திற்கும் மட்கார்டின் உட்புறத்திற்கும் தனித்துணி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். சக்கரத்தைத் துடைத்த துணியால் டாங்கைத் துடைத்தால் அங்குள்ள மணல் இங்கு வந்து சேரும்.

நீரைக் குழாய்வழி விசையுடன் பீய்ச்சுதல் நன்றன்று. சாவித்துளை, கைப்பிடியில் உள்ள சுவிட்சுகள், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, சக்கர அச்சின் பேரிங் ஆகியவற்றுள் நீர் புகுந்தால் பழுது நேரும். வாளியும் குவளையும் கொண்டு கழுவினால் அவ்விடர் இல்லை, தண்ணீரும் மிச்சமாகும்.

கைப்படக் காண வேண்டுவன

கழுவும்போதே டயரைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆணியோ கண்ணாடித் துண்டோ தைத்துள்ளதா, பக்கங்களில் வெடிப்பு உண்டா என்று நோக்குதல் வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் தேய்மான அளவைக் காட்டும் சிறு மேடுகள் உள. டயர் அம்மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்திருப்பின், அதனை மாற்றுதலே அவ்வாண்டின் சிறந்த பூசையாகும். பிரேக் கம்பி இழை பிரிந்துள்ளதா, விளக்குகள் எரிகின்றனவா, நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பனவும் அப்போதே தெரியவரும்.

சங்கிலியைத் தூய்மை செய்யும்போது மிகுந்த கருத்து வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சுழலும் சங்கிலியில் துணியை வைத்துத் துடைப்பது விரலை இழப்பதற்கு வழியாகும். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றித் துடைப்பதே பாதுகாப்பானது. அப்போதும் பற்சக்கரத்தின் அருகே விரலைக் கொண்டுசெல்லுதல் ஆகாது. பெட்ரோல் ஊற்றிக் கழுவுதல் தீப்பற்ற இடந்தரும். சில சங்கிலிகளில் உள்ள ரப்பர் வளையங்களையும் கெடுக்கும். சங்கிலி உலர்ந்தபின் அதற்குரிய எண்ணெயைச் சிறிதளவு இடுதல் வேண்டும்.

மெருகேற்றும் ஆர்வத்தில் எண்ணெயையோ பாலிஷையோ டயரின் தரைபடும் பகுதியிலும் பிரேக் டிஸ்கிலும் தடவுதல் பெருந்தீங்காகும். டயர் வழுக்கும், பிரேக் பிடிக்காது. வண்டியைத் துடைத்து உலர்த்தியபின், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சிலமுறை மென்மையாக அழுத்தி ஈரம் நீங்கச் செய்த பின்னரே சாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எண்ணெயும் சோப்பும் கலந்த கழிவுநீர் கிணற்றடிக்குச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ளுதல் கடமையாகும். திருக்குளத்திலும் ஆற்றிலும் வண்டியை இறக்கிக் கழுவுதல் அறவே கூடாது. அடியார் நீராடும் தீர்த்தத்தில் எண்ணெய்ப் படலம் பரவினால், அந்நீரில் வாழும் மீன்களுக்கும் ஊறு விளையும். ஒரு பொருளைத் தூய்மை செய்வதற்காகத் தீர்த்தத்தை மாசுபடுத்துதல் வழிபாடு ஆகாது.

பூசையின்போது

முகப்பு விளக்கு, திரும்புகை விளக்கு, பின்னோக்குக் கண்ணாடி, எண்பலகை ஆகியவற்றை மறைக்காமல், மற்ற இடங்களில் சந்தனமும் குங்குமமும் இடலாம். கற்பூரம் காட்டும்போது பெட்ரோல் டாங்கிலிருந்து விலகி நின்று காட்டுதல் வேண்டும். கைப்பிடியில் சாத்திய மாலையை வண்டியை எடுப்பதற்கு முன் கழற்றிவிடல் வேண்டும். தொங்கும் மாலை சக்கரத்தில் சிக்கிக்கொள்ளக் கூடும்.

கண்ணேறு கழிப்பதற்காகப் பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்து விட்டுச் செல்லும் பழக்கம் நீங்க வேண்டும். அதன் சதை வழுக்கும் இயல்பினது. இருளில் அவ்வழி வரும் மற்றோர் இருசக்கர ஊர்தி சறுக்கி விழும். பூசணியுள் இட்ட காசுகளைப் பொறுக்கச் சாலையில் ஓடும் சிறுவர்க்கும் இடர் நேரும். தன் வண்டிக்கு நலம் வேண்டிச் செய்த செயல் பிறர் வண்டியை வீழ்த்துமாயின், அதனால் வரும் பயன் யாது? வீட்டு வாயிலின் ஓரத்தே உடைத்து, துண்டுகளை உடனே திரட்டி அப்புறப்படுத்துதல் அறமாகும்.

திருநாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் சென்று, கோயில் முற்றத்துப் புல்லையும் கல்லையும் அகற்றித் தொண்டு செய்தார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் திகழ்ந்தபோதும், அவற்றைக் கல்லோடு கல்லாகவே கருதி வாரி எறிந்தார் எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியுள்ளார். அடியார் நடக்கும் இடம் இடரின்றி இருத்தல் வேண்டும் என்பதே அத்தொண்டின் கருத்து. பிறர் செல்லும் சாலையில் கிடக்கும் வழுக்குப் பொருளை எடுத்தெறிவதும் அவ்வழிப்பட்ட தொண்டேயாகும். ஊர்தியையும் அது செல்லும் வழியையும் தூய்மையாக வைத்திருப்போர்க்கு அன்னை கலைமகளின் திருவருள் என்றும் துணைநிற்கும்.