கரிசல் வீட்டு விசேஷங்கள் – 14: காதுக்கு முன்னால் கார்டு

போன வாரம் இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் மணலில், சின்னவளுக்கு மொட்டை போட்டதோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு முந்தி நடந்த கூத்தைச் சொல்லாமல் மேலே போனால் என் வீட்டுக்காரி இந்தத் தொடரைப் படிப்பதையே விட்டுவிடுவாள்.

காதணி விழாவுக்குக் கார்டு அடிக்க சிவகாசிக்குப் போனேன். விருதுநகரில் இருப்பவன் வேறெங்கே போவான்? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வந்த அச்சுதான் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி, கல்யாணக் கார்டு என்று வளர்ந்து கிடக்கிறது. நான் போனது ஆவணியில். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். அதன்பிறகு எந்த அச்சகத்திலும் நின்று பேச ஆள் கிடைக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன் பெரியவளுக்கு அடித்த கார்டைக் கொடுத்து, “இதே மேட்டர்தான், பிள்ளை பேரையும் தேதியையும் மாத்துங்க” என்றேன். புரூப் வந்தது. பிள்ளை பேர் சரி, மண்டபம் சரி. ஓகே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

300 கார்டு. 80 வீட்டுக்குக் கொடுத்தும் ஆயிற்று. அப்புறம்தான் என் மாமியார் போன் பண்ணினார்.

“மாப்ள, தாய்மாமன்னு ஒருத்தன் பேர்தான போட்டிருக்கு. சின்னவன் எங்க போனான்?”

ஒன்பது வருஷத்துக்கு முன் என் சின்ன மச்சினனுக்குப் பதினைந்து வயசு. அன்றைக்கு அவன் பேரைத் தாய்மாமன் வரிசையில் யாரும் போடவில்லை. இன்றைக்கு அவன் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவன். முதல் தீபாவளி போனஸில் மருமகளுக்குத் தோடு எடுத்து வைத்திருக்கிறான். பிள்ளையை உட்கார வைக்கப்போகும் மடியின் பேர் கார்டில் இல்லை.

“சீர் கொண்டுவந்து எறக்கிருவானாம். மேடையில உக்கார மாட்டானாம்” என்றார் மாமியார்.

மீதிக் கார்டில் பேரை ஸ்டிக்கராக அடித்து ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. “ஒட்டினா, மறந்துட்டு ஒட்டியிருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். இல்லாம இருந்தாக்கூட நாலு பேருக்குத் தெரியாது” என்றாள் வீட்டுக்காரி. சரிதான். ஒட்டுப்போட்ட பேர், விட்டுப்போன பேரைவிட மோசம்.

திரும்ப அடிப்பதென்று முடிவாயிற்று. அதே டிசைன் கார்டு கடையில் தீர்ந்துபோயிருந்தது. மஞ்சளுக்குப் பதில் ரோஸ். எண்பது வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்க வேண்டும். கொடுத்த மஞ்சளைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, அது அபசகுனம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆக, எண்பது வீட்டில் ஆளுக்கு இரண்டு கார்டு. இதற்குள் மஞ்சள் கார்டைப் பற்றி மூன்று போன் வந்திருந்தது: இரண்டு இனிஷியல் தப்பு, ஒரு சித்தப்பாவுக்குத் தன் பேர் தம்பி பேருக்குக் கீழே வந்துவிட்ட வருத்தம்.

ரோஸ் கார்டின் புரூப் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருத்தங்கலில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக்கிலோ. பெண் கேட்கப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை. மத்தியானமே இடியும் தூறலும். இடி இடித்தால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அதனால் மச்சினன் வீட்டில்தான் இருந்தான்.

“வாங்க அத்தான்” என்றான். அதற்குமேல் ஒன்றுமில்லை. அக்காவிடம் மட்டும் பேசினான், அதுவும் மழையைப் பற்றி. மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்தார். என் டம்ளரில் சர்க்கரை போட மறந்திருந்தார். மறதிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; குடித்துவிட்டேன்.

“மாப்ள, தப்பு அச்சகத்துக்காரர் மேல இல்ல. பழைய கார்டைக் கொடுத்தது நான். படிச்சுப் பாக்காம ஓகே சொன்னதும் நான்தான்” என்றேன். வழியெல்லாம் அச்சகத்தைச் சாக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தவன், அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

“பரவால்ல அத்தான்.”

இந்தப் ‘பரவால்ல’வுக்கு எங்கள் பக்கத்தில் ‘பரவாயில்லை’ என்று அர்த்தம் கிடையாது. தட்டு அப்படியே பெஞ்சில் இருந்தது. புரூப்பையும் பேனாவையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். “இன்னும் மிஷின்ல ஏத்தல. நீ பாத்துச் சரின்னா அடிக்கட்டும்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, பிள்ளையார் படத்திலிருந்து மண்டபத்தின் பின்கோடு வரைக்கும் எழுத்தெழுத்தாகப் படித்தான். தன் பேருக்கு வந்தபோதும் நிற்கவில்லை. கீழே போய்விட்டுத் திரும்ப மேலே வந்தான்.

“அத்தான், விசேஷம் என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். தேதி சின்னவளுடையது, கிழமை ஒன்பது வருஷத்துக்கு முந்திய பெரியவளுடையது. பையில் கிடந்த மஞ்சள் கார்டை எடுத்துப் பார்த்தால் அதிலும் வெள்ளிதான். எண்பது வீட்டில் கொடுத்திருக்கிறோம், ஒருத்தர்கூட என்றைக்கு வருவது என்று கேட்கவில்லை.

மச்சினன் சிரித்துவிட்டான். பால்கோவா டப்பாவைப் பிரித்து அக்காவிடம் நீட்டினான். பிறகு, “ஏத்திறப் போறாங்க, வாங்க” என்று பைக் சாவியை எடுத்தான். புரூப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தூறலில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

(தொடரும்)