499 ரூபாய் வகுப்பு, 729 ரூபாய் பில்

திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். இப்போதெல்லாம் கல்யாண பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆரி வேலை தெரியுமா என்பதைத்தான். தெரியாது என்றால் தையலும் கையை விட்டுப் போய்விடுகிறது. விழுப்புரம் வந்து வகுப்பில் உட்கார்ந்தால் போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே கரையும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது? அதனால் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் கற்றுவிட வேண்டும் என்று, ஃபோனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். 499 ரூபாய்.

அன்று இரவே கூப்பிட்டாள். "அக்கா, நானூத்தி தொண்ணூத்தொம்பதுன்னுதானே போட்டிருந்தான்? எழுநூத்தி இருபத்தொம்பது போயிருக்கு. இது எப்படிக்கா?"

அதே பக்கத்தை என் ஃபோனில் திறந்து, பணம் கட்டும் இடம் வரை மெதுவாகப் போய்ப் பார்த்தேன். மேலே சிவப்பில் ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, விலை ஏறப்போகிறது என்ற மிரட்டலோடு. பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்கிறது. பச்சைப் பொத்தானில் 499 பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ‘சான்றிதழ் 99’ என்று ஒரு கட்டம், அதில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்கள். அடுத்த திரையில் ‘கையாளும் கட்டணம் 20’ வந்து ஒட்டிக்கொண்டது. கடைசித் திரையில் 618 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 111 ரூபாய் 24 பைசா. மொத்தம் 729.24. அதன் அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு வரி: முதல் மாதம் உறுப்பினர் சேவை இலவசம், பிறகு மாதம் 199.

அவள் ஏமாளி இல்லை. ஜாக்கெட் துணி எடுத்தால் சென்டிமீட்டர் கணக்குப் பார்ப்பவள். கடிகாரம் ஓடும்போது யாருக்கும் கண் பொடி எழுத்துக்குப் போகாது, அந்தப் பக்கத்தை அமைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தொகையையும் அவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 230 ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள்? ஆயிரம் பேரிடம் 230 எடுத்தால் இரண்டு லட்சத்து முப்பதாயிரம். இழந்த ஒவ்வொருவரும் "போகட்டும்" என்று விடுவதில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

இந்த வேலைகளுக்கு இன்று சட்டத்தில் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்க் கடிகாரத்தை ஓட்டுவது போலி அவசரம். கேட்காத சான்றிதழைத் தானாகச் சேர்ப்பது கூடைக்குள் ஒளித்துச் சேர்த்தல். முதலில் ஒரு விலை காட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுவது இன்னொன்று. இலவசம் என்று உள்ளே இழுத்து மாதாமாதம் பிடிப்பது சந்தாப் பொறி. அந்த ஒரே பக்கத்தில் நான்கும் இருந்தன.

இதற்கும் முந்தையது 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள். வாங்குபவரின் சம்மதத்தை அவரே கையால் டிக் போட்டுத்தான் தர வேண்டும், முன்கூட்டியே போட்டு வைத்த டிக் சம்மதம் ஆகாது என்று அவை சொல்கின்றன. கட்டாயமானது, விருப்பப்பட்டது என எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதன் பிரிவையும் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். சினிமா டிக்கெட் விற்கும் புக்மைஷோ ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நன்கொடையைத் தானாகச் சேர்த்து வந்தது. ஆணையம் தலையிட்ட பிறகு, விரும்புகிறவர் மட்டும் சேர்க்கும்படி அதை மாற்றினார்கள். ஒரே ஒரு ரூபாய் விவகாரம் அது! குழந்தைப் பொருள்கள் விற்கும் ஃபர்ஸ்ட்கிரை, வரியெல்லாம் சேர்ந்த விலை என்று காட்டிவிட்டுப் பணம் கட்டும்போது தனியாக ஜிஎஸ்டி சேர்த்ததற்காக 2025-இல் 2 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு ஆளானது. அமெரிக்காவில் அதே ஆண்டு செப்டம்பரில், ப்ரைம் சந்தாவில் மக்களைத் தெரியாமல் சேர்த்து வெளியேற விடாமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் அமேசான் 250 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது.

ஜிஎஸ்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அரசாங்கத்துக்குப் போகிற பணம், அதைக் கேட்கக் கூடாது என்று நினைப்பு. வகுப்புக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டுதான். ஆனால் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சேவை தருகிறவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். வீட்டிலிருந்து ஆரி, ரெசின், டெரகோட்டா நகை சொல்லிக்கொடுக்கும் பலர் அந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள். ஆகவே வரி என்று எழுதியிருந்தால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும், அதற்குக் கட்டணம் இல்லை. சித்தி மகளுக்கு வந்த ரசீதில் எண்ணே இல்லை.

வெளிநாட்டு வகுப்பாக இருந்தால் கணக்கு வேறு. டாலரில் விலை போட்டிருப்பதை மனசுக்குள் ரூபாயாக மாற்றிக் கட்டினால், கார்டு கொடுத்த வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று சில சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும். இதில் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. கட்டும் முன் வங்கியிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி.

அடுத்தது அந்த 199. யூபிஐயில் ‘ஆட்டோபே’ அனுமதிக்கு ஒருமுறை பின் போட்டுவிட்டால், பிறகு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் உங்களைக் கேட்காமலே எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கார்டுகளுக்கு 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விளம்பர மெசேஜ் என்று நாம் தள்ளிவிடுகிறவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கும். பணம் அனுப்பும் செயலியிலேயே ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குப் போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக வரும். ரத்து செய்ய ஒரு நிமிடம் போதும், வகுப்பு நடத்துகிறவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. சித்தி மகளின் பட்டியலில் அந்த வகுப்போடு, அவள் மறந்தே போயிருந்த ஒரு பாட்டுச் செயலியும் இருந்தது. ரத்து செய்த பிறகும் பணம் போனால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், தொலைபேசி 14448.

ஆனால் 729-ஐ வங்கியிடம் கேட்டால் "நீங்கள்தானே பின் போட்டீர்கள்" என்பார்கள். அது நியாயமான பதில்தான். அந்தப் பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதினால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே மின்வணிக விதி. பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களால் தீர்ப்பு சொல்ல முடியாது, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பேசுவார்கள். பெயர் கெடும் என்று பயப்படும் நிறுவனங்களிடம் அதுவே பலிக்கிறது.

அதுவும் நடக்காவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கட்டும். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மனு எழுதத் தெரியவில்லை என்று தயங்குகிற பெண்களுக்கு ஒரு செய்தி: வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இதற்கெல்லாம் கையில் சாட்சி வேண்டும். விளம்பரத்தில் இருந்த விலை, டிக் போட்டிருந்த கட்டம், கடைசித் திரை என்று மூன்றையும் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு பக்கம் மாறிவிடக்கூடும். நான் எடுத்து வைத்தது என் ஃபோனில் வந்த பக்கத்தைத்தான், அவள் பார்த்ததை அல்ல.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது. போன பணத்தைக் கேட்க, கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். போலி எண்களைப் போட்டுக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த லிங்கைத் தொட்டுப் பின் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்க யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. 230 ரூபாயைத் தேடிப் போய்ச் சீட்டுப் பணத்தையே பறிகொடுக்க வேண்டாம். போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அந்த 99 ரூபாய் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரை அடித்து ஃபோனுக்கு அனுப்பும் ஒரு படம்தான் அது. எந்த வங்கியும் அதைப் பார்த்துக் கடன் தராது. கடனும் தொழிலும் எண்ணம் என்றால், இந்தியன் வங்கி விழுப்புரத்தில் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். இத்தகைய நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். வீட்டிலிருந்து நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் நம் ஊரில் எத்தனையோ பேர். 700 என்றால் 700 என்றே சொல்கிறார்கள். 499 என்று காட்டி ஏமாற்றுகிறவர்களால் முதலில் பிழைப்பு கெடுவது அவர்களுக்குத்தான்.

சித்தி மகள் நிறுவனத்துக்குத் தமிழிலேயே எழுதினாள். ஒன்பதாம் நாள் 116 ரூபாய் 82 பைசா திரும்பி வந்தது: சான்றிதழ் 99, அதன் வரி 17.82. மீதி வரிக்கு ஜிஎஸ்டி எண் என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 1915-இல் கொடுத்த புகார் எண்ணைச் சங்கிலித் தையல் பழகும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிடப் போகிறாளாம்.