கத்திரி வெயிலும் கேமிங் கணினியும்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்திலும், அதையடுத்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என நீளும் தோல் தொழில் வட்டாரத்திலும், கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்ட விரும்பும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். எந்தப் பிராசஸர், எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு என்ற கேள்வியிலிருந்தே அவர்களில் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். ஆனால் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட இந்த மண்ணில், அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. பெட்டிக்குள் உண்டாகும் வெப்பம் எந்த வழியாக, எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதே அது.

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம், கணக்குப் போடும் வேலையை முடித்த பிறகு, ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறி அறைக்குள் வந்து சேர்கிறது. 300 வாட் மின்சாரத்தில் ஓடும் கணினி 300 வாட் வெப்பத்தை உமிழும் அடுப்பும் ஆகிறது. இதற்கு விலக்கு கிடையாது. ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகட்டு அடுக்கும், அதன்மேல் சுழலும் ஃபேனும் அந்த வெப்பத்தைச் சில்லிலிருந்து காற்றுக்கு மாற்றுகின்றனவே தவிர, காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்குச் சில்லைக் கொண்டுபோக அவற்றால் இயலாது. ஆகவே அறையின் வெப்பம் 1 டிகிரி ஏறினால், உள்ளே இருக்கும் பாகங்களின் வெப்பமும் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். பாகங்களைச் சோதித்து வெளியிடப்படும் மதிப்புரைகளில் காணும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் எடுக்கப்பட்டவை. மொட்டை மாடிக்கு நேர் கீழே, பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை இரவிலும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும் அறையில் மேசை போட்டிருப்பவர், அந்த எண்களோடு 12 முதல் 15 டிகிரியைக் கூட்டிப் படிப்பதே சரியான வாசிப்பு.

இதை எளிய கணக்கால் பார்க்கலாம். மணிக்கு 100 கன மீட்டர் காற்று உண்மையாகவே கேபினட் வழியாகக் கடந்துபோனால், 300 வாட் வெப்பம் அக்காற்றை ஏறத்தாழ 10 டிகிரி சூடாக்கும். முன்பக்கம் அடைபட்டுக் காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால், அந்த ஏற்றம் ஏறத்தாழ 20 டிகிரி ஆகும். அறை 38 டிகிரியில் இருக்கும் மே மாதப் பிற்பகலில் முதல் நிலையில் பெட்டியை விட்டு வெளியேறும் காற்று 48 டிகிரி. இரண்டாம் நிலையிலோ 58 டிகிரி. சில்லின் வெப்பம் உற்பத்தியாளர் வகுத்த எல்லையை (ரைசன் 5 7600 பிராசஸருக்கு அது 95 டிகிரி) தொடும்போது, சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டின் நடுவே படம் திடீரெனத் திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்நிலையில் இன்னும் விலை உயர்ந்த பாகத்தை வாங்குவது பெரும்பாலும் வெப்பத்தைக் கூட்டவே செய்யும்.

எனவே பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்துக்குப் பக்கத்திலேயே வாட் அளவையும் வைத்துப் பார்ப்பது இந்த வட்டாரத்தின் கட்டாயம். 1080 பிக்சல் உயரமுள்ள வழக்கமான மானிட்டரில் விளையாடுபவருக்கு ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 ஆகிய கிராஃபிக்ஸ் கார்டுகள் பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றுக்கொன்று நெருங்கிய வேகத்தையே தருகின்றன. ஆனால் முன்னதற்கு உற்பத்தியாளர் குறித்த மின்தேவை 115 வாட், பின்னதற்கு 165 வாட். அந்த 50 வாட் வேறுபாடு குளிரூட்டிய அறையில் பொருட்டாகாது. ஆலங்காயத்துக் கோடையில் அது ஒவ்வொரு மணி நேரமும் அறைக்குள் இறங்கும் கூடுதல் அனலாகும். பிராசஸர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடலாகாது. 65 வாட் எனக் குறிக்கப்பட்ட ரைசன் 5 7600 முழு வேலையில் 88 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டுள்ளது. அதே 65 வாட் குறியுள்ள இன்டெல் ஐ5 12400எஃப் 117 வாட் வரை ஏறக்கூடும்.

கணினி வாங்குவோர் மிகுதியாக அலட்சியம் செய்யும் பாகம் எஸ்எம்பிஎஸ் ஆகும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கணினிக்குத் தேவையான தாழ்ந்த நேர்மின்சாரமாக மாற்றித் தரும் இப்பெட்டியின்மேல் 550 வாட் என்று எழுதியிருந்தால், அந்த 550 வாட்டை எத்தனை டிகிரி வெப்பத்தில் அது தொடர்ந்து தரும் என்பதையும் கேட்க வேண்டும். தரமான தயாரிப்புகள் 50 டிகிரி வரை முழுத் திறனுக்கு உறுதி அளிக்கின்றன. மலிவானவற்றில் சில அதைவிடக் குறைந்த வெப்பத்துக்கே உறுதி சொல்கின்றன, சில அதைக் குறிப்பிடுவதே இல்லை. மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கு வழங்கப்படும் 80 பிளஸ் சான்றிதழுக்கான சோதனையும் 23 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நடப்பதுதான். அச்சான்றிதழ் வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கான உறுதிமொழி ஆகாது. மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 250 வாட் எடுக்கும் கணினிக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும், ஆனால் அது 50 டிகிரிக்கு உறுதி பெற்றதாக இருத்தல் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கும் ஓராயிரம் ரூபாய் பிற பாகங்கள் அனைத்தையும் பணயம் வைக்கிறது.

இனிக் கேபினட். பழைய நாட்டு வீடுகளில் தெரு வாசலும் கொல்லை வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைந்து காற்று தடையின்றி ஊடுருவிப் போகுமே, கேபினட்டுக்குள்ளும் காற்றுக்கு அத்தகைய வழிதான் வேண்டும். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து, கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசஸரின் ஹீட் சிங்க்கையும் தழுவி, பின்பக்கத்தின் மேல்மூலை வழியாக வெளியேறுவதே சிறந்த ஏற்பாடு. கடைகளில் கண்ணைப் பறிக்கும் வண்ண விளக்குகளோடு முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து நிற்கும் கேபினட்டுகளில் பல இந்த வழியை வாசலிலேயே அடைத்துவிடுகின்றன. வெறும் வலை முகப்புள்ள, பார்வைக்கு எளிய கேபினட்டே இந்த ஊர் வெயிலுக்கு ஏற்றது. முன்னால் காற்றை உள்ளிழுக்க 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு, பின்னால் வெளியேற்ற ஒன்று என்பது முதல் கணினிக்குப் போதுமான அமைப்பு. மேற்கூரையில் இன்னொன்று சேர்ப்பதானால் அதைப் பின்பக்கத்தை ஒட்டியே வைத்தல் வேண்டும். முன்பக்கத்தை ஒட்டி வைத்தால், உள்ளே நுழைந்த குளிர்ந்த காற்று பிராசஸரை எட்டும் முன்பே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும்.

ஃபேனின் திசையை முதன்முதலாகப் பூட்டுவோர் மாற்றி வைப்பது மிகச் சாதாரணமாக நேரும் தவறு. ஃபேனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கம் இறக்கைகள் மட்டும் திறந்த நிலையில் தெரியும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்கள் நடுவிலிருந்து சட்டத்தை நோக்கி நீண்டிருக்கும். வழக்கமான ஃபேன்களில் காற்று திறந்த பக்கத்தில் நுழைந்து, கால்கள் உள்ள பக்கமாக வெளியேறும். எல்லாவற்றையும் பூட்டி மின்சாரம் கொடுத்த பின், ஓர் ஊதுவத்தியை ஏற்றி முகப்பிலிருந்து சாண் தொலைவில் பிடித்தால் புகை உள்ளே இழுபடுவதையும், பின்புறம் பிடித்தால் வெளியே தள்ளப்படுவதையும் கண்ணாலேயே உறுதி செய்துகொள்ளலாம்.

உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருப்பது தூசிக்கும் நல்ல தடை, ஏனெனில் அப்போது கேபினட்டின் இண்டு இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே நுழையாது; நுழைவது முழுவதும் முகப்பு வடிகட்டி வழியாகவே நுழையும். தோல் பதனிடும் வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தோலின் மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கும் பஃபிங் வேலையில் மிக நுண்ணிய தூசி கிளம்புகிறது. மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு உப்புகளிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கருக்கச் செய்யக்கூடியது. ஆலைகளை ஒட்டி வீடு உள்ளவர்கள் ஆலைப் பக்கச் சன்னலிலிருந்து கணினியைத் தள்ளி வைப்பதும், வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி நன்கு உலர்த்திப் பூட்டுவதும் நலம்.

இத்தனையும் செய்துவிட்டு, கணினி மேசையின் கீழ் கதவு வைத்த அறைக்குள் கேபினட்டைத் தள்ளி மூடினால் எல்லாம் வீணாகும்; வெளியேறிய சூடான காற்றே மீண்டும் முகப்பு வழியாக நுழையும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, திறந்த இடத்தில், பாய் அல்லது கம்பளம் விரிக்காத தரையில் சற்றே உயரமாக வைப்பதே முறை. எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் கேபினட்டின் அடியிலிருந்து காற்றை இழுக்கிறது என்பதால், அந்த அடி இடைவெளி அடைபடலாகாது.

மின்னணுச் சில்லுக்கு வெப்பம் எவ்வளவு பெரிய பகை என்பதற்குச் சான்று ஆலங்காயத்துக்கு அருகிலேயே உண்டு. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986இல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஒளி உணரிகள் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. வெப்பம் மிகுந்தால் உணரிக்குள் தானாக எழும் எலக்ட்ரான்கள், விண்மீனின் மங்கிய ஒளியை மறைத்துவிடும். பிராசஸருக்குள்ளும் வெப்பம் ஏற ஏறக் கசியும் மின்னோட்டம் கூடுகிறது. அதே வேலைக்கு அது கூடுதல் வாட் எடுத்துக்கொண்டு, மேலும் சூடாகிறது.

பாகங்களை வாங்க இவ்வட்டாரத்தினர் சென்னை ரிச்சி தெருவுக்கோ பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கோ போகலாம். வாணியம்பாடி ரயில் நிலையம் அவ்விரு நகரங்களையும் இணைக்கும் தடத்திலேயே இருக்கிறது. எங்கு வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண் குறித்த பில் கேட்டுப் பெறுதல் வேண்டும். பூட்டி முடித்த கணினியை மார்கழி இரவில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், கத்திரி வெயில் காயும் நாளில் பிற்பகல் 2 மணிக்கு, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, வெப்பம் காட்டும் மென்பொருளில் பிராசஸரின் அளவையும் கிராஃபிக்ஸ் கார்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு 85 டிகிரிக்குள்ளும் பிராசஸர் 90 டிகிரிக்குள்ளும் நின்றால், அந்தக் கணினி இந்த ஊருக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது.