உப்புக்காற்றில் ஒரு வீடு – 6: அலமாரிக்குப் பின்னால்

சென்ற வாரம் வெளிச்சுவர்ப் பூச்சோடு நின்றோம். இனி உள்ளே போகலாம்.

திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஃப்ளாட் வாங்குகிறவர்கள், உள்வேலை என்றதும் முதலில் போவது ஷோரூமுக்கு. சுவருக்குச் சுவர் அடைத்த வார்ட்ரோப், கூரையோடு ஒட்டிய லாஃப்ட், ஃபால்ஸ் சீலிங், கட்டில் தலைமாட்டில் வால்பேப்பர். எல்லாம் பளிச்சென்று இருக்கும். இல்லாமல் என்ன செய்யும்? நாள் முழுக்க ஏசி ஓடும் அந்த இடத்தில் பூசணத்துக்கு வேலையே இல்லை. அதே வார்ட்ரோப் வீட்டுக்கு வந்து இரண்டு மழைக்காலம் பார்க்கட்டும். பட்டுப்புடவையில் மக்கல் வாடை, தோல் பெல்ட்டில் வெள்ளைப் படலம், புத்தகங்களில் இராமபாணப் பூச்சி. உடனே ஆசாரிக்குத் திட்டு விழும். பாவம், பல வீடுகளில் அவர் அலமாரியைச் சரியாகத்தான் செய்திருப்பார். அது நிற்கும் இடம்தான் கோளாறு.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். புழுக்கமான ஓர் இரவில் ஹாலில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வேர்ப்பது இதனால்தான். பக்கத்துப் படுக்கையறையில் ஏசி 22-இல் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே நாலரை அங்குலச் செங்கல் சுவர்.

ஹால் பக்கம் அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஹாலின் சூடு ஓயாமல் பட்டுக்கொண்டிருப்பதால் சுவரின் மேல்பரப்பு 27, 28 டிகிரியில் நின்றுவிடும். அதை ஒட்டி ஒரு புத்தக அலமாரியைத் தள்ளி வைத்தால்தான் வினை. சூடு சுவரைச் சேராதபடி அலமாரி நடுவில் நின்றுகொள்கிறது. ஈரத்தை மட்டும் அதனால் தடுக்க முடியாது. இருக்கிற இடுக்கில் நுழைந்துவிடும். சுவர் 25-ஐ நோக்கி இறங்குகிறது, ஈரம் அங்கேயே தேங்குகிறது. பூசணத்துக்குச் சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் போதும், கறுப்புப் புள்ளிகள் கிளம்பிவிடும். மேல்வீட்டுக் குழாய் கசிகிறது என்று மாடிக்காரரோடு மூண்ட சண்டைகளில் சிலவற்றுக்குக் காரணம் நம் ஏசிதான்.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்சாரத்துக்கு நல்லது. ஆனால் நம் கணக்கில் 24-உம் பனிநிலைக்குக் கீழேதான். 26-இல் வைத்துக் கூடவே மின்விசிறியையும் சுற்றவிட்டால் தூக்கமும் வரும், சுவரும் தப்பும். காலையில் ஏசியை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறக்கும் பழக்கமும் வேண்டாம். குளிர்ந்து கிடக்கும் சாமான்கள் மேல் வெளியீரம் அப்படியே படியும். விசிறியை ஓடவிட்டு, அறை சூடேறிய பிறகு திறக்கலாம்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம். அடியில் கால் வைத்து அரையடி உயரம். இவ்வளவுதான் கேட்கிறேன். “பின்னால் தூசி சேருமே” என்பார்கள். சேரட்டும், தூசியைத் துடைக்கலாம், பூசணத்தைத் துடைத்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். சுவரோடு பதிக்கும் வார்ட்ரோப்தான் வேண்டுமென்றால், மழை அடிக்கும் வெளிச்சுவரையும் அடுத்த அறை ஏசியின் குளிர் ஏறும் சுவரையும் விட்டுவிட்டு வேறு சுவரைத் தேடுங்கள். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. வினைல் வால்பேப்பரைக் கடலோர வீட்டில் ஒட்டவே கூடாது என்பது என் பிடிவாதம். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி அதன் பின்னால் அடைபட்டுக் கிடக்கும்.

காற்றுக்கு வழிவிடுவதை ஒரு கட்டடம் முழுக்கச் செய்து பார்த்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜப்பானில் பணியாற்றிவந்த அன்டோனின் ரேமண்ட். அங்கே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. வடக்கு, தெற்கு முகப்புகளில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் திருப்பித் திறக்கும் பட்டைகள், மேலிருந்து கீழ்வரை. அறைக்கும் நடைக்கும் நடுவே சறுக்கு கதவுகள். தேக்குச் சட்டங்களை இடைவெளிவிட்டு முன்னும் பின்னுமாக அடுக்கியிருப்பதால் பார்வை நுழையாது, காற்று நுழையும். கூரைக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று. ஏசி தேவைப்படாத அறைகள்.

அடுக்குமாடி வீட்டில் முகப்பையே பட்டைகளாக்க முடியாது. கொசுவும் பக்கத்துச் சுவரும் சம்மதிக்காது. ஆனால் அந்தக் கதவை அலமாரிக்குக் கொண்டுவரலாம். முழுப்பலகைக்குப் பதிலாகப் பட்டை வைத்த கதவு, துணி அடுக்குக்கும் செருப்பு அடுக்குக்கும். மைக்கா ஒட்டிய பளபளப்பு போய்விடுமே என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்த வாக்குவாதத்தில் நான் தலையிட மாட்டேன்.

ஈரத்தோடு உப்பும் வருகிறது. சாப்பாட்டு உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதில் பாதிகூட இல்லாத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் கீலிலும் கைப்பிடியிலும் படிந்த உப்பு, வெயில் காலத்திலும் சற்று ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்னும். காய்ந்த துணியால் தட்டிப் பயனில்லை; நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலரத் துடைக்க வேண்டும். கீல், திருகாணி வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள். துருப்பிடிக்கும் 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்; பால்கனிக்கும் கடல் பார்த்த ஜன்னலுக்கும் மாலிப்டினம் கலந்த 316. பித்தளை இன்னும் நல்லது, விலைதான் கண்ணைக் கட்டும்.

பலகையில் ஏமாற்றம் எழுத்தில் இருக்கிறது. எம்.ஆர். என்று அச்சடித்த ப்ளைவுட் ஓரளவு ஈரத்துக்குத்தான். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. பலகை கேளுங்கள், கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கும் ரகம் அது. எம்.டி.எஃப். வேண்டாம், ஒரு முறை ஊறினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எந்தப் பலகையானாலும் அறுத்த விளிம்பை அடைக்காமல் விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். கண்ணில் படும் முன்விளிம்பில் எட்ஜ் பேண்ட் ஒட்டிவிட்டு, சுவர்ப்பக்க விளிம்பை வெறுமனே விடுவது வழக்கம். அலமாரியைச் சுவரோரம் நிறுத்தும் முன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: சமையலறை)