கடல் வற்றினாலும் சாயாத படகு எது? பிரிட்டனில் பழைய பாய்மரப் படகு வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

பிரிட்டனில் ஒரு பழைய கார் வாங்கும் காசுக்கு, குடும்பத்தோடு போகக்கூடிய சின்னப் பாய்மரப் படகே வாங்கிவிடலாம். உள்ளே நாலு பேர் படுக்கலாம், சின்ன அடுப்பில் டீ போடலாம். 1960கள், 70களில் ஃபைபர் கிளாஸில் செய்த படகுகள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். சில ஆயிரம் பவுண்டுக்குள் முடியும். சில நேரம் சும்மாவே கொடுக்கிறார்கள்.

மலிவா இருக்கே என்று வாங்கிவிட்டு, பிறகு நிறுத்த இடம் தேடினால் சிக்கல். அங்கே படகைப் பார்ப்பதற்கு முன்பு, அது நிற்கப்போகும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏன்?

கடல் வற்றுமா?

வற்றும். சென்னையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். பிரிட்டனில் கதையே வேறு. பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் பெரிய ஏற்ற நாட்களில் அது 14 மீட்டர் வரை போகும். மற்ற பல கரைகளிலும் 4, 5 மீட்டர் சாதாரணம்.

இதனால் காலையில் படகு மிதந்த கழிமுகம் மதியம் வெறும் சேறாகக் கிடக்கும். சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கும். எப்போதும் ஆழமாக இருக்கும் மெரினாக்களில் வாடகை அதிகம். வற்றிப்போகும் இடத்தில் சங்கிலியில் கட்டும் 'மூரிங்' மலிவு. பட்ஜெட் குடும்பங்கள் இரண்டாவதைத்தான் தேடிப் போகின்றன.

கீல் ஏன் முக்கியம்?

பாய்மரப் படகின் அடியில் கனமாகத் தொங்கும் பகுதிதான் கீல். தமிழில் 'ஏரா' என்பார்கள். காற்று தள்ளும்போது படகு கவிழாமலும், பக்கவாட்டில் நழுவாமலும் காப்பது இதுதான். இதில் மூன்று வகை முக்கியம்.

ஒற்றைக் கீல்: காற்றை எதிர்த்து நன்றாக ஓடும். 26 அடி படகில் சுமார் 1.4 மீட்டர் ஆழம் கேட்கும். தண்ணீர் வற்றினால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இரட்டைக் கீல்: இரண்டு பக்கமும் கால் ஊன்றியதுபோல நிமிர்ந்து நிற்கும். சுமார் 90 செ.மீ. ஆழம் போதும். காற்றை எதிர்த்துப் போகும்போது வேகம் கொஞ்சம் குறையும்.

தூக்கும் கீல்: மேலே இழுத்துக்கொண்டால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் கீல் ஏறி இறங்கும் பெட்டி அறையின் நடுவே இடத்தை அடைக்கும். சேறும் கூழாங்கல்லும் புகுந்தால் கீல் இறங்காமல் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் மிதக்கும்?

ஒரு கணக்கு பார்ப்போம். ஏற்றத்தில் 3 மீட்டர் தண்ணீர் இருந்து, வற்றத்தில் முழுக்கக் காயும் இடம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது. முதல் மணியில் 25 செ.மீ.தான் குறையும். மூன்றாவது, நான்காவது மணியில் 75 செ.மீ. வீதம் சரசரவென்று இறங்கும்.

இந்த இடத்தில் 90 செ.மீ. ஆழம் கேட்கும் இரட்டைக் கீல் படகு, ஏற்றத்துக்கு முன்னும் பின்னுமாகச் சுமார் ஏழரை மணி நேரம் மிதக்கும். 25 செ.மீ. போதும் என்கிற படகு சுமார் 10 மணி நேரம் மிதக்கும். சனிக்கிழமை காலையில் கிளம்பி மாலையில் திரும்ப முடியுமா என்பதை முடிவு செய்வது இந்த இடைவெளிதான்.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அஷ்டமியை ஒட்டி குறைவு. குறைந்த ஏற்ற நாட்களில் சில இடங்களில் படகு மிதக்கவே மிதக்காது. அதனால் அந்த நாட்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று துறைமுக நிர்வாகத்திடம் கேட்பது அவசியம்.

எந்தப் படகுகளைப் பார்க்கலாம்?

வெஸ்டர்லி சென்டார்: 1969இல் வந்த 26 அடி இரட்டைக் கீல் படகு. 2,000க்கும் மேல் கட்டப்பட்டதால் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். உள்ளே இடம் தாராளம். பழைய சென்டார்களில் கீலும் உடலும் சேரும் இடம் பலவீனமாகலாம். பலவற்றில் உள்ளிருந்து வலுவூட்டியிருப்பார்கள். அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கார்னிஷ் ஷ்ரிம்பர்: 1979இல் அறிமுகமான 19 அடி படகு. கீல் பலகையைத் தூக்கினால் 46 செ.மீ. போதும். ஆனால் மவுசு குறையாததால் பழையதும் விலை அதிகம்.

டிராஸ்கோம் லக்கர்: சுமார் 19 அடி திறந்த படகு. 25 செ.மீ. தண்ணீரே போதும். டிரெய்லரில் ஏற்றி வீட்டிலேயே வைக்கலாம், மூரிங் செலவு மிச்சம். அறை கிடையாது, மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

வாங்கும் முன் என்ன சோதிக்கணும்?

படகைக் கரையில் ஏற்றி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கீல் சேரும் இடத்தில் விரிசலோ துருக் கசிவோ இருந்தால் உஷார். தரை கெட்டியான மணலாக இருக்கும் மூரிங்கில், தண்ணீர் வற்றும்போதும் ஏறும்போதும் அலை படகைத் தூக்கித் தூக்கிக் குத்தும். அந்த அடி முழுக்க இந்த இணைப்பில்தான் விழும். மென்மையான சேறு என்றால் பாதிப்பு குறைவு.

மேல்தளத்தில் நடந்து பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயதையும், இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கிளம்புகிறதா என்பதையும் பாருங்கள். பழைய படகு என்றால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பொதுவாக சர்வேயர் அறிக்கை கேட்கும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

விற்பனைப் பத்திரங்கள் முக்கியம். பிரிட்டனின் சிறு கலப் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது. யார்டு வாடகை பாக்கி இருக்கிறதா, மூரிங் உரிமை படகோடு சேர்ந்து வருமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். பல இடங்களில் உரிமம் விற்றவரோடு முடிந்துவிடும். அடுத்தவர் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளோடு போகும்போது?

உடல் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும் தேவை. படகு சேற்றில் நின்றுவிட்டால், பக்கத்தில்தானே கரை என்று இறங்கி நடக்கக் கூடாது. கால் புதைந்தபின் தண்ணீர் ஏறத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. படகிலேயே இருந்து தண்ணீர் வரக் காத்திருப்பதுதான் பாதுகாப்பு. ஆபத்து என்றால் 999ஐ அழைத்து கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும்.

சும்மா கிடைத்தால் வாங்கலாமா?

படகின் விலை ஒருமுறைதான். மூரிங், இன்சூரன்ஸ், அடிப்பாகத்துக்கு பெயின்ட், குளிர்காலத்தில் கரையேற்றும் கிரேன் செலவு எல்லாம் வருஷா வருஷம் வரும். ஃபைபர் கிளாஸ் மக்கிப்போகாது என்பதால், வேண்டாம் என்று ஒதுக்கினாலும் உடைத்து அகற்றும் பொறுப்பு கடைசி உரிமையாளரின் தலையில்தான் விழும். சும்மா கொடுப்பவர் பலநேரம் கைமாற்றிவிடுவது அந்தச் செலவைத்தான். மூரிங் கையில் வந்து, முதல் வருடச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.