புதிதாய் வந்தவருக்கு என்ன வேலை?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பதவியேற்பு விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. அரிமா சங்கத்தாருக்கும் ரோட்டரி சங்கத்தாருக்கும் ஜூலை முதல் நாளே ஆண்டுப் பிறப்பு. தேனியிலும் போடியிலும் சின்னமனூரிலும் மண்டபங்களில் மேடை அமைத்துப் பழைய தலைவர் விடைபெறுகிறார். புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். புதிய உறுப்பினர்களை வரிசையாக நிறுத்தி, உறுதிமொழி வாங்கி, சட்டையில் சின்னம் குத்தி, சால்வை போர்த்துகிறார்கள். பிறகு விருந்து. நம் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஒருவர் சேரும்போதும், சால்வையும் விருந்தும் நீங்கலாக, ஏறத்தாழ இதுவே நடைபெறுகின்றது. திருப்பலி முடிவில் பெயர் வாசிக்கப்படுகிறது, மக்கள் கைதட்டுகிறார்கள்.

இவ்வரவேற்பை நாம் குறைகூற வரவில்லை. மாலைக்கும் கைதட்டலுக்கும் மகிழாத மனிதர் யார்? ஆயின் மூன்று மாதம் கழித்து அச்சபையின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஜூலையில் சேர்ந்தவருடைய கையொப்பம் ஆகஸ்டில் இருக்கும். செப்டம்பரில் ஒரு வாரம் இருக்கும், மறுவாரம் இராது. அக்டோபரில் அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கும். தலைவரைக் கேட்டால், "இக்காலத்து மக்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை, சுவாமி" என்பார். நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. சேவை செய்யும் எண்ணத்தோடுதான் அவர் வந்தார். வந்தவருக்கு முன்கூட்டத்தின் அறிக்கை வாசித்துக் காட்டப்பட்டது, வரவு செலவு வாசித்துக் காட்டப்பட்டது, தேநீர் தரப்பட்டது. வேலை மட்டும் தரப்படவில்லை. தலைவர், செயலர், பொருளர், இவர்களோடு ஒரு பெரியவர் என நால்வரே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகிறார்கள். தாம் மட்டுமே உழைப்பதாக நால்வருக்கும் ஒரு வருத்தமும் உண்டு!

புனித வின்சென்ட் தே பவுல் இந்த நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தவர். 1617-ஆம் ஆண்டு அவர் பிரான்ஸ் நாட்டின் ஷத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாயிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயுற்றுக் கிடக்கிறது என்ற செய்தி ஒரு ஞாயிறன்று அவருக்கு எட்டியது. அவர் மறையுரையில் அதைச் சொல்லவும், மக்கள் உள்ளம் உருகிச் சாரைசாரையாய் அவ்வீட்டுக்கு உணவு கொண்டுபோயினர். மாலையில் அவரும் போய்ப் பார்த்தார். ஒரே நாளில் இவ்வளவு உணவு வந்து குவிந்தால் பாதி கெட்டுப்போகும். நாளைக்கோ அவர்கள் மறுபடி பட்டினி கிடப்பார்கள்! அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை எனக் கண்ட அவர், அவ்வூர்ப் பெண்களை ஒன்றுசேர்த்து, நாளுக்கு ஒருவர் என முறை வகுத்துக் கொடுத்தார். இன்று உன் முறை, நாளை அவள் முறை. கோவிலுக்குப் பூ வைப்பதற்கு நம் பெண்கள் முறை போட்டுக்கொள்வதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறைப் பட்டியலில் தம் பெயரைக் கண்ட பெண்ணுக்கு வேறு வரவேற்புரை தேவைப்பட்டிருக்குமா?

அப்புனிதரின் பெயரைத் தாங்கிய சபை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பாரிஸ் நகரில் தோன்றிற்று. 1832-இல் அந்நகரைக் கொள்ளைநோயாகிய காலரா வாட்டியது. கல்லூரி மாணவர்கள் கூடி விவாதம் நடத்தும் மன்றம் ஒன்றில், திருச்சபை பழங்காலத்தில் நன்மை செய்தது மெய்தான், இன்று நீங்கள் செய்வது என்ன என்று ஒருவர் இடித்துக் கேட்டுவிட்டார். அக்கேள்வி பிரடெரிக் ஓசானாம் என்னும் மாணவரைத் தைத்தது. 1833 ஏப்ரல் 23 அன்று அவரும் தோழர்களுமாய் ஆறு மாணவர்கள், பத்திரிகை நடத்திவந்த எம்மானுவேல் பாயி என்பவரோடு கூடிச் சபையைத் தொடங்கினர். ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. குளிருக்கென வாங்கி எஞ்சியிருந்த விறகைத் தோழர் ஒருவரோடு சேர்ந்து சுமந்து சென்று ஓர் ஏழையின் வீட்டில் இறக்கினார் என்பர். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை ரொசலி என்ற அருட்சகோதரி அம்மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏழைகளின் பேட்டையில் அவர் அறியாத வீடு இல்லை. 1997-இல் ஓசானாமும் 2003-இல் சகோதரி ரொசலியும் முத்திப்பேறு பெற்றோராக அறிவிக்கப்பட்டனர்.

இவ்வரலாறு நம்முள் பலர் கேட்டதே. அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. சபை தொடங்கிச் சில காலத்துக்குள் கொலாஸ் தெ லா நூ என்ற மாணவர் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். சபையாருள் சிலர் தயங்கினர்! அந்நியர் நுழைந்தால் தங்களுக்குள் இருந்த நெருக்கம் குலைந்துவிடுமோ என்ற அச்சம். இறுதியில் கதவு திறக்கப்பட்டது. 1834-ஆம் ஆண்டின் முடிவிலோ நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது. ஓர் அறை போதவில்லை. சபையைப் பிரித்துத் தனித்தனிக் கிளைகளாக்கலாம் என்று ஓசானாம் கூறியபோது மீண்டும் பழைய அச்சம், சூடான வாதம். பின்னர், 1835-இல், பிரித்தார்கள். அன்று அந்த நண்பர்கள் தங்கள் நெருக்கத்தைப் பெரிதென்று எண்ணிக் கதவை அடைத்திருந்தால், இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் வாழும் நமக்கு ஓசானாம் என்ற பெயரே தெரிந்திராது.

மற்றொன்றும் உண்டு. நெருப்பை மூட்டிய ஓசானாம் அச்சபையின் பொதுத்தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. முதல் தலைவர் பாயி. பதவியை விட்டால் சபையே அழிந்துவிடும் என நம்பும் நம் ஊர்த் தலைவர்கள் சிலருக்கு (பெயர் வேண்டாம்!) இதை யாரேனும் வாசித்துக் காட்டினால் நல்லது.

அச்சபையின் இரு பழக்கங்கள், புதியவரை வரவேற்கும் கலையில் வேறெதற்கும் குறைந்தவை அல்ல. வீடு சந்திக்கச் செல்வோர் இருவர் இருவராகச் செல்வது ஒன்று. பழையவர் ஒருவரோடு புதியவர் ஒருவரைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, அடுப்பைப் பாராததுபோல் பார்ப்பது எப்படி, கேட்காமலே தேவையை அறிவது எப்படி, இவையெல்லாம் கூட்டத்தில் கற்றுத்தரக் கூடியவை அல்ல. உடன் நடந்தால் வருபவை. மற்றொன்று, கூட்ட முடிவில் எடுக்கும் மறைவான காணிக்கை. பை சுற்றிவரும், யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. நூறு ரூபாய் போட்டவரும் ஒரு ரூபாய் போட்டவரும் அப்பைக்கு முன் ஒன்றே. நன்கொடையாளரின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பழகிவிட்ட நமக்கு இதன் அருமை எளிதில் விளங்குவதில்லை. ஏழை ஒருவர் கூசாமல் வந்து அமரக்கூடிய சபை எது என்பதை அந்தப் பைதான் தீர்மானிக்கிறது.

பிற சங்கத்தாரிடமும் நாம் கற்கவேண்டியது உண்டு. 1925-இல், பார்வையும் செவிப்புலனும் அற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் அரிமா சங்கத்தாரின் மாநாட்டில் நின்று, பார்வையற்றோருக்குத் துணைநிற்க வாருங்கள் என அழைத்தார். அன்றிலிருந்து கண் பணி அவர்களுடைய தனிப்பணி ஆயிற்று. நம் பகுதியில் அதன் பயனை அறியாதார் யார்? மருத்துவர் கோ. வேங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின்னர், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் தேனியிலும் அதன் கிளை எழுந்தது. அவர்கள் நடத்தும் கண் முகாமின் முறை கவனிக்கத்தக்கது. மருத்துவர்களும் செவிலியரும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவது, ஊர் ஊராய் அறிவிப்பது, வருவோரை வரிசைப்படுத்திப் பெயர் எழுதுவது, உணவளிப்பது ஆகியவை உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. கண்புரை உள்ளவர்களை அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கட்டணமின்றி அறுவை செய்து, ஊருக்குத் திருப்பிக் கொணர்கிறார்கள்.

இந்த முகாமில் நூறு வேலைகள் இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர் பெயர் எழுதலாம். எழுதத் தெரியாதவர் பாட்டியின் கையைப் பிடித்துப் படி ஏற்றலாம். "கண்ணைக் கீறுவார்களாம், நான் வரமாட்டேன்" என்று அடம்பிடிக்கும் தாத்தாவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு முன்பு அறுவை செய்துகொண்ட இன்னொரு தாத்தாவே தகுந்தவர். எந்தத் தலைவரும் அவருக்கு ஈடாகமாட்டார். நல்ல தலைவரின் கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது: முகாமுக்கு முந்திய வாரமே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலையை எழுதிவிடுவார், தம் பெயருக்கு எதிரே குடிநீர்ப் பானையை எழுதிக்கொள்வார்.

இனி, நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். நம் சபைகளின் உறுப்பினர் பட்டியலில் இருப்போர் யாவர்? ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற அலுவலர், திராட்சைத் தோட்டம் உடையவர். நல்லவர்களே. ஆனால் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டும் வேளையில் திரும்பும் பெண்கள் அப்பட்டியலில் இருக்கிறார்களா? அவர்கள் பெயர் வேறொரு பட்டியலில் இருக்கிறது. உதவி பெறுவோர் பட்டியலில்!

அவர்களால் சேவை செய்ய இயலாது என்று எவரும் சொல்லத் துணியார். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோர் சிக்கிக்கொண்டனர். 23 உயிர்கள் மாண்டன. அன்று இருளில், சரிவான பாதையில், காயமுற்றோரை மீட்க விரைந்தவர்களுள் அந்த மலைக் கிராமத்து எளிய மக்களும் இருந்தனர். எந்தச் சங்கச் சின்னமும் அவர்கள் சட்டையில் இல்லை.

பெண்களை நாம் எவ்வளவு காலம் வெளியே நிறுத்தினோம் என்பதும் வியப்பே. வின்சென்ட் அடிகளார் முதன்முதல் முறை வகுத்துக் கொடுத்தது பெண்களுக்கு. அவர் பெயரால் எழுந்த சபையோ ஆண்களின் சபையாயிற்று. 1856-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் பெண்கள் தமக்கெனத் தனிச் சபை தொடங்கவேண்டியதாயிற்று. இரண்டும் இணைந்தது 1967-இல்தான். ரோட்டரி சங்கமும் 1989-இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. இன்று விதி தடுக்கவில்லை. கூட்ட நேரம் தடுக்கிறது. ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் பத்து மணிக்குக் கூட்டம் என்றால், வாரம் முழுதும் தோட்டத்தில் நின்ற பெண் அந்த ஒரு நாளில் துணி துவைப்பாளா, சந்தைக்குப் போவாளா, நம் அறிக்கை வாசிப்பைக் கேட்க வருவாளா?

1905-இல் சிகாகோ நகரில் பால் ஹாரிசும் நண்பர் மூவரும் ரோட்டரியைத் தொடங்கியபோது, கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய அலுவலகத்தில் மாற்றி மாற்றி நடத்தினர். 'சுழற்சி' என்னும் பொருள்பட அதனாலேயே அப்பெயர் வந்தது. பெருநகரில் தனிமையால் வாடியவர் ஹாரிஸ். தோழமை தேடியே சங்கம் கண்டார். நம் சபைக் கூட்டமும் பங்குமனையின் நாற்காலிகளை விட்டு எழுந்து, மாதம் ஒருமுறையேனும் தொழிலாளர் தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில், இரவு எட்டு மணிக்குக் கூடினால் என்ன? அறிக்கை வாசிப்பைப் பாதியாய்க் குறைத்துக்கொள்ளலாம். அதனால் எவருக்கும் இழப்பில்லை.

அத்தகைய கூட்டமொன்றில் நாமும் இருந்தோம். ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தாய் ஒருவர், பேசச் சொன்னதும் முதலில் தயங்கினார். பிறகு, மூன்றாம் வீட்டுப் பாட்டி இரண்டு நாளாய் அடுப்பு மூட்டவில்லை என்றார். செயலரின் குறிப்பேட்டில் அந்தப் பாட்டியின் பெயரே இல்லை. யார் போய்ப் பார்ப்பது எனத் தலைவர் கேட்டபோது, "நானே போறேன், கூட ஒரு ஆளை அனுப்புங்க" என்றார் அந்தத் தாய். கூட்டம் முடியுமுன்பே இருவர் எழுந்து போனார்கள்.