தேனீக் கூட்டமும் தேன்கூடும்

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும் பருவத்தில் தோட்டமெங்கும் தேனீக்களின் ரீங்காரம் மிகுவதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். அவற்றை ஈர்ப்பது பூ மட்டுமன்று. ரப்பர் இலையின் மூன்று சிற்றிலைகளும் காம்புடன் சேருமிடத்தில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. தளிர்ப் பருவத்தில் அவற்றிலிருந்து இனிய நீர் கசிகிறது. ரப்பர்த் தேன் எனப்படுவது பெரும்பாலும் இதிலிருந்து உண்டாவதே. உணவு பெருகும் இக்காலத்தில் தேனீக்களும் பெருகிப் புதிய கூட்டங்களாகப் பிரிகின்றன.

ஆகவே, காலையில் வெறுமையாக இருந்த கிளையில் மாலையில் தேனீக்கள் பலாக்காய் அளவில் திரண்டு தொங்கக் காணலாம். அது கூடு தேடிச் செல்லும் கூட்டமாகும். பழைய ராணித் தேனீ, வேலைக்காரத் தேனீக்களில் பாதியையோ அதற்கு மேலுமோ அழைத்துக்கொண்டு தாய்க்கூட்டை விட்டு வெளியேறி, இடைவழியில் இளைப்பாறுகிறது. சில தேனீக்கள் மட்டும் பறந்து சென்று மரப்பொந்து, சுவர் இடுக்கு முதலியவற்றைப் பார்த்து வந்து, நடனத்தின் வாயிலாகத் திசையையும் தொலைவையும் மற்றவற்றிற்குத் தெரிவிக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். இடம் முடிவானதும் கூட்டம் முழுவதும் எழுந்து போய்விடும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இது நிகழும். இடம்பெயரும் மலைத்தேனீக் கூட்டம் மேலும் பல நாள் தங்குவதுண்டு. காப்பதற்குக் கூடும் குஞ்சும் இல்லாமையால் இக்கூட்டம் எளிதில் சினங்கொள்வதில்லை. கல்லெறிவோரும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோருமே ஆபத்தை வலிய அழைக்கின்றனர். பிள்ளைகளை அப்பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கூடு எனில் நிலைமை வேறு. மலைத்தேனீ, உயர்ந்த கிளையின் அடியிலோ கட்டடத்தின் விளிம்பிலோ ஒரே அடையை வெட்டவெளியில் கட்டுகிறது. அடை ஒரு மீட்டர் அகலத்தையும் எட்டக்கூடும். தேனீக்கள் அதனைத் திரைபோல் மூடியிருக்கும். ஏதேனும் அணுகினால் அத்திரையின்மீது அலை ஓடுவது போன்ற அசைவு தோன்றும். அது எச்சரிக்கை, கண்டவுடன் ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும். காகிதம் போன்ற மேலுறையுடன் உருண்டையாகத் தொங்குவது குளவிக்கூடு. குளவி ஒன்றே பலமுறை கொட்டவல்லது.

விடியுமுன் நெற்றி விளக்குடன் மரம் சீவச் செல்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். இருளில் ஒளியை நாடுவது மலைத்தேனீயின் இயல்பு. கெடா மாநிலத்தின் பெடு ஏரிப் பகுதியில், துவாலாங் மரமேறித் தேன் எடுப்போர் நிலவற்ற இரவில் தீப்பந்தத்தைக் கிளையில் தட்டிப் பொறிகளை உதிர்ப்பர். தேனீக்கள் அப்பொறிகளைத் தொடர்ந்து கீழிறங்க, அவர்கள் அடையை அறுப்பர். அவர்களுக்கு உதவும் அதே இயல்பு, நெற்றியில் விளக்கைக் கட்டியிருப்பவருக்கு வினையாகிவிடும். கூடு கலைந்துவிட்டால் முதலில் விளக்கைக் கழற்றிவிட வேண்டும். துணியால் முகத்தை மூடிக்கொண்டு விரைந்து விலகி, வீட்டிற்குள்ளோ வாகனத்திற்குள்ளோ புகுந்து கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். கைகளை வீசி அடிக்கலாகாது. நசுங்கிய தேனீயும் கொட்டிய கொடுக்கும் வெளியிடும் மணம் பிற தேனீக்களையும் தூண்டிவிடும்.

தேனீயின் கொடுக்கு உடலில் தங்கிவிடும். அதனுடன் உள்ள பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்தும். நகத்தால் சுரண்டினாலும் கிள்ளி எடுத்தாலும் சரி, விரைவே முக்கியம். பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டில் படுத்துவிடும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. சுண்ணாம்பைத் தடவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்பதே இதில் பெருங்கேடு. மூச்சுத்திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றல், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். பல இடங்களில் கொட்டுப்பட்டவர் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படலாம்.

கூட்டைக் கண்டவர் தாமே கலைக்க முற்படாமல் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ தெரிவிக்க வேண்டும்; அகற்றும் பணி தீயணைப்பு மீட்புத் துறை போன்ற பயிற்சி பெற்றவர்களுக்குரியது. மலைத்தேனீக்கள் அடுத்த பருவத்தில் அதே மரத்திற்குத் திரும்பி வருவதுண்டு. ஆதலால் அம்மரத்தைக் குறித்துவைத்து, அந்த நிரையில் புதிதாகச் சீவ வருபவருக்கும் காட்டிவிட வேண்டும்.